லாகூரை விட்டுக்கொடுக்காத ஒரு மகாராஜா: கற்பனைச் சீக்கிய அரசனுக்கு எந்தக் காலம் பொருந்தும்?

கேள்வி இதுதான்: "வரலாற்றுக் கற்பனைக் கதை ஒன்று எழுதுகிறேன். நாயகன் ஒரு சீக்கிய அரசன். ஆங்கிலேயரை முறியடித்துப் பஞ்சாபுக்கு விடுதலை வாங்கித் தருகிறான். அவன் வாழ்க்கையும் ஆட்சியும் நம்பும்படி இருக்க வேண்டும். எந்தக் காலத்தில் வைப்பது, எப்படிப்பட்டவனாகக் காட்டுவது?"

கதையின் அடித்தளத்திலேயே ஒரு திருத்தம் தேவை. 1845 டிசம்பர் வரை பஞ்சாப் ஆங்கிலேயர் பிடியில் இல்லை. லாகூர் தர்பார், அதாவது லாகூரைத் தலைநகராகக் கொண்ட சீக்கிய அரசு, டெல்லிக்கும் கப்பம் கட்டவில்லை, காபூலுக்கும் கட்டவில்லை, ஆங்கிலேயரின் கல்கத்தாவுக்கும் கட்டவில்லை. சீக்கியர்கள் தங்கள் விடுதலையை அதற்கு வெகுகாலம் முன்பே ஆப்கானியரிடமிருந்து பறித்துவிட்டார்கள். எனவே உங்கள் அரசனின் வேலை, கையில் இருந்த விடுதலையை நழுவ விடாமல் காப்பது. கதையாக எழுத இது இன்னும் கடினம், ஆனால் இன்னும் சுவையானது.

அப்படிப்பட்டவனுக்கு ஏற்ற ஆண்டு 1842 என்பது என் கருத்து. பெரும்பாலோர் போர் மூண்ட 1845-ஐத்தான் பிடிப்பார்கள். அதற்குள் காரியம் கெட்டுப்போயிருந்தது. ஏன் என்று புரிய வேண்டுமானால் பஞ்சாபை ஒன்றாக்கிய மகாராஜா ரஞ்சித் சிங்கிலிருந்து தொடங்க வேண்டும்.

ரஞ்சித் சிங் 1780-இல் பிறந்தார். அப்போது பஞ்சாபில் ஒரே அரசு என்று எதுவும் கிடையாது. மிஸ்ல் எனப்படும் பன்னிரண்டு சீக்கியக் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்தார், ஒருவரோடு ஒருவர் ஓயாத சண்டை. குஜ்ரான்வாலாவை மையமாகக் கொண்ட சுக்கர்சாக்கியா மிஸ்லின் தலைவர் மகா சிங்தான் இவருடைய அப்பா. சின்ன வயதில் வந்த அம்மை இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. எழுதப் படிக்கத் தெரியாது. பன்னிரண்டு வயதை ஒட்டி அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பிடித்துத் தூக்கிவிட்டவர் மாமியார் சதா கவுர். கன்னையா மிஸ்லின் தலைவியான அந்த அம்மாள் இல்லையென்றால் ரஞ்சித் சிங்கின் முதல் ஏற்றமே நடந்திருக்காது. உங்கள் கதையிலும் இப்படி ஒரு பெண்மணியை வையுங்கள். பஞ்சாப் வரலாற்றில் திருப்பங்களுக்குப் பின்னால் நிற்கும் பெண்கள் நிறைய.

1799-இன் தொடக்கத்தில் ஆப்கானிய அரசன் ஜமான் ஷா லாகூரிலிருந்து ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. லாகூரை அப்போது ஆண்ட, பங்கி மிஸ்லைச் சேர்ந்த மூன்று சர்தார்கள் மேல் நகரத்து மக்களுக்கே வெறுப்பு. இந்து, முஸ்லிம், சீக்கியர் என்று எல்லாத் தரப்புப் பெரியவர்களும் சேர்ந்து ரஞ்சித் சிங்கை அழைத்தார்கள். ஜூலை 7-ஆம் தேதி அவர் உள்ளே நுழைந்தபோது வயது பத்தொன்பது கூட நிறையவில்லை. நகரத்தில் கொள்ளை கூடாது என்று உத்தரவு போட்டார். அந்தக் காலத்தில் வென்ற படைக்கு நகரத்தைக் கொள்ளையடிக்க விடுவதுதான் சம்பளம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த உத்தரவின் கனம் தெரியும்.

1801 வைசாகி அன்று, குரு நானக்கின் வழிவந்த சாகிப் சிங் பேடி திலகமிட, அவர் மகாராஜாவானார். ஆனால் காசில் அவர் பெயர் இல்லை. குருமார்களின் பெயர்தான் இருந்தது. அரசுக்குப் பெயர் 'சர்க்கார்-ஏ-கால்சா', அதாவது கால்சா எனப்படும் சீக்கியத் திருக்கூட்டத்தின் அரசு. தன்னை 'சிங் சாகிப்' என்று கூப்பிட்டால் போதும் என்பார். இதைப் பணிவு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவீர்கள். கால்சாவின் சபையான சர்பத் கால்சா கூடி முடிவெடுக்கும் வழக்கம் 1805-க்குப் பிறகு அவர் காலத்தில் நின்றேபோனது. அதிகாரம் முழுவதையும் தன்னிடம் எடுத்துக்கொண்டு, பெயரை மட்டும் குருவிடமும் பந்த் எனப்படும் சீக்கியச் சமூகத்திடமும் விட்டுவைத்த தந்திரம் அது. உங்கள் அரசன் தன் பெயரில் நாணயம் அடித்து, தலையில் கிரீடம் வைத்து, மாமன்னன் என்று முழங்கினால் சீக்கிய வாசகர் ஒருவர்கூட நம்பமாட்டார்.

மோரான் என்ற முஸ்லிம் நாட்டியக்காரியை அவர் மணந்துகொண்டபோது அமிர்தசரஸில் உள்ள சீக்கியரின் உயர் பீடமான அகால் தக்த் அவரைக் கூப்பிட்டு விசாரித்துக் கசையடி விதித்தது. மகாராஜா சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார் என்றும், அந்தப் பணிவைக் கண்டே தண்டனையைத் தளர்த்தினார்கள் என்றும் சொல்வார்கள். அதட்டியவர் நிஹாங்குகள் எனப்படும் சீக்கியப் போர்த்துறவிகளின் தலைவர் அகாலி பூலா சிங். அதே பூலா சிங் 1823-இல் நௌஷேரா போரில் அந்த மகாராஜாவுக்காகவே சண்டையிட்டு உயிரைவிட்டார். அரசனை எதிர்த்துப் பேசவும் அவனுக்காகச் சாகவும் கூடிய இப்படிப்பட்ட ஆட்கள் அரசவையைச் சுற்றி இருந்தால்தான் அது சீக்கிய அரசவை.

வெற்றிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எந்த வரலாற்று நூலிலும் கிடைக்கும். 1818-இல் முல்தான், 1819-இல் காஷ்மீர், 1834-இல் பெஷாவர். பிள்ளைகள் மூவருக்கு இந்த ஊர்ப் பெயர்களையே வைத்தார்: முல்தானா சிங், காஷ்மீரா சிங், பெஷாவுரா சிங். ஆண்டு வருமானம் மூன்று கோடி ரூபாய் அளவுக்கு வளர்ந்தது.

அவருடைய ஆட்சியில் என்னை மிகவும் ஈர்ப்பது ஆள் தேர்வு. வெளியுறவு, ஃபகீர் அஜீஸுதீன் என்ற முஸ்லிமின் கையில். கணக்கு வழக்கு, திவான் தீனாநாத் என்ற காஷ்மீரப் பண்டிதர் கையில். வஜீர், அதாவது முதலமைச்சர், ஜம்முவின் டோக்ரா ராஜபுத்திரர் தியான் சிங். படையை ஐரோப்பிய முறையில் பழக்கியவர்கள் நெப்போலியன் படையில் இருந்து வந்த வெந்துராவும் அல்லார்டும். இருவரும் 1822-இல் வந்து சேர்ந்தவர்கள். பீரங்கி வார்ப்பை மேம்படுத்தியவர்களில் லெஹ்னா சிங் மஜிதியா என்ற சர்தார் முக்கியமானவர். தர்பாரின் எழுத்து மொழி பாரசீகம். சீக்கியர்கள் அந்த நாட்டில் சிறுபான்மை. குடிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இந்தக் கணக்கை மறந்துவிட்டு 'சீக்கிய ராஜ்ஜியம்' என்று எழுதினால் கதை முதல் அத்தியாயத்திலேயே தடுமாறும்.

அதற்காக எல்லாம் பொன்னுலகம் என்றும் காட்டிவிடாதீர்கள். லாகூர் பாதுஷாஹி மசூதி குதிரை லாயமாகவும் ஆயுதக் கிடங்காகவும் ஆனது. ஸ்ரீநகரின் ஜாமியா மசூதி இருபது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. காஷ்மீர விவசாயி வரியில் நசுங்கினான். பெஷாவரில் கவர்னராக இருந்த இத்தாலியர் அவிதாபிலே தூக்குமரங்களை வைத்தே ஊரை அடக்கினார். லாகூரில் இருந்தவனுக்குத் தெரிந்த ரஞ்சித் சிங்கும் ஸ்ரீநகரில் இருந்தவனுக்குத் தெரிந்த ரஞ்சித் சிங்கும் ஒரே ஆள் அல்ல.

சரி, ஆங்கிலேயர் விஷயத்துக்கு வருவோம். 1809 ஏப்ரலில் சார்ல்ஸ் மெட்காஃப் கொண்டுவந்த அமிர்தசரஸ் உடன்படிக்கையில் ரஞ்சித் சிங் கையெழுத்திட்டார். சட்லெஜ் ஆற்றுக்குத் தெற்கே இனி அவர் கை நீளக் கூடாது. பாட்டியாலா, நாபா, ஜிந்த் முதலிய சீக்கிய அரசுகள் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதுகாப்பில் போய்விட்டன. அவை வேண்டி விரும்பித்தான் போயின. லாகூர் விழுங்கிவிடுமோ என்ற பயம். கதாசிரியர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். உங்கள் அரசன் ஆங்கிலேயரை எதிர்த்து ஆற்றைக் கடந்தால் முதலில் எதிர்ப்படுவது வெள்ளைக்கார ரெஜிமெண்ட் ஆக இருக்கவேண்டும் என்பதில்லை; அதே தலைப்பாகை கட்டிய பாட்டியாலாக் குதிரைப்படையாகவும் இருக்கலாம். கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைக்காது.

ரஞ்சித் சிங் அந்த எல்லையைச் சாகும்வரை மீறவில்லை. 1831-இல் ரூபாரில் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்தார், 1838-இல் ஃபிரோஸ்பூரில் கவர்னர் ஜெனரல் ஆக்லண்டைச் சந்தித்தார், பரிசுகள் கைமாறின, அணிவகுப்புகள் நடந்தன. சிந்து பக்கம் போக நினைத்தபோதெல்லாம் கம்பெனி குறுக்கே வந்து நின்றது. அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கினார். இந்தப் பொறுமையைக் கோழைத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒப்பமாட்டேன். முப்பது ஆண்டு நாட்டைக் காத்தது இந்தப் பொறுமைதான்.

அவர் செய்யாமல் விட்ட காரியம் வேறு. தனக்குப் பிறகு எப்படி என்று யோசிக்கவில்லை. அரசவை, படை, கஜானா மூன்றையும் இணைத்துப் பிடித்திருந்தது அவர் ஒருவரின் கை. 1839 ஜூன் 27-இல் அவர் இறந்தார். நான்கு ராணிகளும் ஏழு பணிப்பெண்களும் சிதையேறினார்கள். மூத்த மகன் கரக் சிங் பட்டத்துக்கு வந்தார். அவரால் ஆளமுடியாது என்பது லாகூரில் எல்லோருக்கும் தெரியும். நான்கே மாதத்தில் வஜீர் தியான் சிங்கும் கரக் சிங்கின் சொந்த மகனும் சேர்ந்து அரண்மனைக்குள்ளேயே புகுந்து, அவருக்கு நெருக்கமான சேத் சிங் பாஜ்வாவைக் கொன்று, அவரை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த மகன்தான் நவ்நிஹால் சிங். உங்கள் நாயகன் இவர் என்பேன், அல்லது இவரைப் பார்த்து வார்த்த ஒருவர்.

தாத்தாவின் செல்லப் பேரன். சின்ன வயதிலேயே பெஷாவர் எல்லைக்குப் படையோடு போனவர். 1837-இல் ஷாம் சிங் அட்டாரிவாலாவின் மகள் நானகி கவுரை மணந்தார். ஆங்கிலேயப் படைத் தளபதி ஹென்றி ஃபேனே விருந்தினராக வந்த அந்தக் கல்யாணத்தின் ஆடம்பரத்தைப் பஞ்சாபே பேசியது. அதே கல்யாணத்துக்காக எல்லையிலிருந்த துருப்புகளை லாகூருக்கு அழைத்துவிட்டார்கள். படை மெலிந்ததைப் பார்த்து ஆப்கானியர் ஜம்ரூத் கோட்டையைத் தாக்க, எல்லைக் காவலனாக இருந்த ஹரி சிங் நல்வா அங்கே விழுந்தார். ஒரு கல்யாணப் பந்தலும் ஒரு தளபதியின் சாவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. இதைக் கற்பனையாக எழுதினால் மிகை என்பார்கள்.

1839 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்கு மேல் நாட்டை உண்மையில் ஆண்டவர் இந்த இளைஞர்தான். இருபதை ஒட்டிய வயது. மண்டி மலை நாட்டுக்கு வெந்துராவை அனுப்பி, அசைக்க முடியாது என்று பெயரெடுத்த கம்லாகட் கோட்டையைப் பிடிக்க வைத்தார். தியான் சிங், அவர் அண்ணன் குலாப் சிங் முதலிய டோக்ரா சகோதரர்களின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட முயன்றார். ஆங்கிலேயர்களுக்கு இவரைப் பிடிக்கவில்லை. காபூலிலிருந்து தாங்கள் விரட்டிய ஆப்கானிய அரசர் தோஸ்த் முகமதோடு ரகசியத் தொடர்பு இருக்கிறது என்று சந்தேகப்பட்டார்கள்.

1840 நவம்பர் 5-இல் கரக் சிங் இறந்தார். மெதுவாக விஷம் வைக்கப்பட்டது என்ற பேச்சு அப்போதே இருந்தது. அப்பாவின் சிதைக்குத் தீ வைத்துவிட்டு நவ்நிஹால் ஹசூரி பாக் பக்கமாகக் கோட்டைக்குத் திரும்பும்போது வாயில் வளைவின் கற்கள் சரிந்து விழுந்தன. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த உதம் சிங், அதாவது குலாப் சிங்கின் மகன், அந்த இடத்திலேயே பலி. நவ்நிஹாலைப் பல்லக்கில் கோட்டைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார் தியான் சிங். பெற்ற தாய் சந்த் கவுர் வந்து கதவைத் தட்டியும் திறக்கவில்லை. பிறகு சாவுச் செய்திதான் வெளியே வந்தது. விபத்தா, கொலையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. கொலை என்றால், டோக்ராக்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையையே ஏன் பக்கத்தில் நடக்க விட்டார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் விபத்தின் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் கதவு ஏன் சாத்தப்பட்டது என்பது வேறு கேள்வி.

உங்கள் கதையை இங்கே வெட்டித் திருப்புங்கள். கற்கள் விழுகின்றன, அவன் பிழைத்துக்கொள்கிறான். கதவு சாத்தப்பட்டதை ஞாபகம் வைத்துக்கொள்கிறான்.

நிஜத்தில் அடுத்து நடந்தது என்ன? சந்த் கவுர் மருமகளின் வயிற்றில் இருந்த குழந்தையின் பெயரால் ஆட்சியைப் பிடித்துக்கொண்டார். 1841 ஜனவரியில் ரஞ்சித் சிங்கின் இன்னொரு மகன் ஷேர் சிங், சிப்பாய்களுக்குச் சம்பள உயர்வு தருவதாக வாக்களித்துப் படையைத் தன் பக்கம் இழுத்து லாகூர் கோட்டையை முற்றுகையிட்டார். அவருக்குப் பட்டம் கிடைத்தது. கோட்டையை அவருக்கு எதிராகக் காத்த குலாப் சிங் வெளியேறும்போது கஜானாவை வண்டி வண்டியாக ஜம்முவுக்குக் கொண்டுபோனார் என்பார்கள். வாக்களித்த பணம் சொன்னபடி வரவில்லை. சிப்பாய்கள் பஞ்சாயத்து அமைத்தார்கள். ஒவ்வொரு பிரிவும் தன் பஞ்ச்சைத் தேர்ந்தெடுத்தது. பிடிக்காத அதிகாரிகளையும் கணக்கப்பிள்ளைகளையும் தேடித் தேடிக் கொன்றார்கள். அரியணையைப் படை விலைக்கு விற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோன நாள் அது. பஞ்சாப் அன்றே தோற்றுவிட்டது என்பேன். ஐந்தாண்டு கழித்து ஆங்கிலேயரிடம் தோற்ற சோப்ராவ்ன் போர் வெறும் கணக்கு முடிப்பு.

இதனால்தான் 1842-ஐச் சொல்கிறேன். அந்த ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலேயப் படை, கூட வந்த வேலையாட்கள் உட்பட ஏறத்தாழ 16,000 பேர், மலைக் கணவாய்களில் அழிந்தது. ஜலாலாபாதில் ராபர்ட் சேல் தலைமையில் ஒரு காவற்படை முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டது. அதை மீட்க இந்தியாவிலிருந்து போக வேண்டுமானால் வழி ஒன்றே: பஞ்சாபைத் தாண்டி, பெஷாவர் வழியாக, கைபருக்குள். தானியமும் ஒட்டகமும் லாகூரின் தயவில் கிடைக்க வேண்டும். முதல் முயற்சி கைபரிலேயே முறிந்தது. பெஷாவரில் ஆங்கிலேய அதிகாரி ஹென்றி லாரன்ஸ் சீக்கியத் துருப்புகளையும் குலாப் சிங்கையும் தாஜா பண்ணிக்கொண்டிருந்தார். ஷேர் சிங் வழியைத் திறந்துவிட்டார். ஏப்ரலில் ஆங்கிலேயத் தளபதி போலக்கின் படை கைபரைக் கடந்தது.

அந்த இடத்தில் நவ்நிஹால் உட்கார்ந்திருந்தால்? ஒரு குண்டும் சுடத் தேவையில்லை. எல்லைச் சிப்பாய்களின் மனநிலை சரியில்லை, தானியம் வந்துசேர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று இழுத்தடித்தாலே போதும். கம்பெனி வாழ்நாளில் அவ்வளவு பலவீனமாக இருந்ததில்லை. மாற்றாக அவன் என்ன கேட்பான் என்பதில்தான் உங்கள் அரசனின் அறிவு தெரியும். சட்லெஜுக்குத் தெற்கே இடம் கேட்டால் முட்டாள். கம்பெனி அப்போதைக்குக் கொடுத்துவிட்டு, ராபர்ட் சேலின் படையை மீட்டவுடன் பிடுங்கிக்கொள்ளும். அவன் ஃபிரோஸ்பூரில் குவிந்துவரும் படையைக் குறைக்கச் சொல்ல வேண்டும். சிந்துவைக் கம்பெனி தொடக் கூடாது என்று எழுதி வாங்க வேண்டும். நிஜத்தில் அடுத்த ஆண்டே ஆங்கிலேயத் தளபதி நேப்பியர் சிந்துவைப் பிடித்துவிட்டார். பஞ்சாபின் கடல்வழி அதோடு அடைபட்டது.

கதையில் இதை எழுதுவது கஷ்டம் என்று தெரியும். வாள் சுழலாது, இரத்தம் சிந்தாது. ஃபகீர் அஜீஸுதீன் போன்ற ஒரு கிழவர் பாரசீகக் கவிதை சொல்லிக்கொண்டே லாரன்ஸின் பொறுமையைச் சோதிக்கும் காட்சிகள்தான் இருக்கும். எனக்கென்னவோ அதுதான் நல்ல நாவல்.

போர் வேண்டும் என்றே நினைத்தால், பாழாய்ப்போன 1845 இருக்கவே இருக்கிறது. அதற்குள் ஷேர் சிங்கும் அவர் மகனும் தியான் சிங்கும் 1843 செப்டம்பரில் ஒரே நாளில் கொல்லப்பட்டிருந்தார்கள். காஷ்மீரா சிங்கும் பெஷாவுரா சிங்கும் செத்தாயிற்று. ஐந்து வயதில் பட்டமேறிய துலீப் சிங் அரியணையில். தாய் ஜிந்த் கவுர் ஆட்சிப் பொறுப்பில். அவருடைய அண்ணன் ஜவாஹர் சிங்கை அவர் கண்ணெதிரே படையே கொன்றது. அப்புறம் அந்தப் படையை ஆற்றைக் கடக்க விட்டார்கள். முட்டி மோதிக் கரையட்டும் என்று தர்பாரில் சிலர் நினைத்ததாகச் சொல்வார்கள். வஜீர் லால் சிங்கும் தளபதி தேஜ் சிங்கும் ஃபிரோஸ்பூரிலிருந்த ஆங்கிலேய அதிகாரியோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார்கள்.

அப்படியிருந்தும் டிசம்பர் 21 இரவு ஃபிரோஸ்ஷாவில் ஆங்கிலேயர் நடுங்கினார்கள். கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், தன்னிடமிருந்த நெப்போலியனின் வாளைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டு, தோற்றால் அரசாங்கக் காகிதங்களை எரித்துவிடச் சொல்லி அனுப்பினார். மூன்று நாள் முன்னால் முத்கிப் போரில் ராபர்ட் சேலுக்கு உயிரைப் பறித்த காயம் பட்டிருந்தது. ஜலாலாபாதில் முற்றுகைக்குள் மாட்டியிருந்த அதே சேல். மறுநாள் காலை தேஜ் சிங் புதுப் படையோடு வந்தார். எதிரியிடம் குண்டும் மருந்தும் தீர்ந்திருந்தன. ஒரு நெருக்கு நெருக்கினால் போதும். அவர் படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் காட்சியில் ஒரு நல்ல தளபதியை நட்டு வைத்தால் வெற்றி கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மறுநாள் என்ன செய்வீர்கள்? வென்ற படை லாகூருக்குத் திரும்பிப் பரிசுப் பணம் கேட்கும். கஜானா காலி. அடுத்த வஜீரைக் கொல்லும். ஃபிரோஸ்ஷாவில் வென்ற அரசனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நிஜத்தில் 1846 பிப்ரவரி 10-இல் சோப்ராவ்னில் எல்லாம் முடிந்தது. நவ்நிஹாலின் மாமனார் ஷாம் சிங் அட்டாரிவாலா, தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே வெள்ளை உடை உடுத்திப் போய் அங்கே உயிரைவிட்டார். உங்கள் கதையில் நவ்நிஹால் பிழைத்தால் இந்தக் கிழவரும் பிழைப்பார். படைக்கும் அரசவைக்கும் இடையில் இருவரும் மதிக்கும் ஆள் ஒருவர் வேண்டுமே, அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆட்சி. அவன் செய்ய வேண்டிய முதல் வேலை சம்பளம். ரஞ்சித் சிங் காலத்திலேயே மாதக்கணக்கில் பாக்கி விழுவது வழக்கம். மகாராஜாவின் முகத்துக்காகச் சிப்பாய் பொறுத்துக்கொண்டான். பேரனுக்கு அந்த முகம் கிடையாது. கம்பெனி சிப்பாய்க்கு மாதம் ஏழு ரூபாய்தான், ஆனால் நாள் தவறாமல் கிடைக்கும். லாகூர் அதைவிட அதிகம் தருவதாகச் சொல்லும். எப்போது என்பது கேள்வி. ஆட்களைக் குறைத்து, மிச்சமிருப்பவர்களுக்கு ஒழுங்காகக் கொடுக்கும் துணிச்சல் அவனுக்கு வேண்டும். திவான் தீனாநாத் மாதிரி ஒருவரோடு இரவெல்லாம் கணக்குப் பார்க்கும் அரசனைக் காட்டுங்கள்.

இரண்டாவது, ஜம்மு. குலாப் சிங்கைக் கொல்லவும் முடியாது, நம்பவும் முடியாது. லடாக்வரை பிடித்துத் தந்தது அவருடைய தளபதி ஜோராவர் சிங்தான். நிஜத்தில் 1846-இல் ஆங்கிலேயர் அவருக்கே காஷ்மீரை 75 லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். சம்பந்தம் செய்துகொள்வதா, மலைநாட்டிலேயே முடக்கி வைப்பதா என்று உங்கள் அரசன் பத்தாண்டு யோசிக்கலாம். அந்த வளைவின் கீழ் இருவருமே நெருங்கியவர்களைப் பறிகொடுத்திருக்கிறார்கள்: இவன் தோழனை, அவர் மகனை. அதை வைத்து நீங்கள் எழுதக்கூடிய ஒரு உரையாடல் போதும், புத்தகம் நிற்கும்.

மூன்றாவதாகக் காஷ்மீர். பூட்டிய மசூதியைத் திறக்கட்டும், வரியைக் குறைக்கட்டும். அறத்துக்காக என்று காட்டவேண்டியதில்லை. எல்லையில் ஆங்கிலேயன் நிற்கும்போது குடிகளில் பெரும்பாலோரைப் பகைத்துக்கொண்டு யாராலும் ஆளமுடியாது.

கோஹினூரை இரண்டு வரியோடு விட்டுவிடுங்கள். அந்த வைரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எந்தக் கதையும் வழி தவறிவிடும். துலீப் சிங்கின் நிஜக் கதையையும், அதாவது 1849 மார்ச்சில் நாடு இணைக்கப்பட்டது, மதம் மாறியது, இங்கிலாந்துக்குப் போனது, 1893-இல் பாரிஸில் இறந்தது எல்லாவற்றையும், உள்ளே இழுக்கவேண்டாம். உங்கள் உலகத்தில் அவன் லாகூரில் வளரும் ஒரு குட்டி இளவரசன், சித்தப்பாவின் ஸ்தானம், ஆனால் உங்கள் அரசனைவிடப் பல வருடம் சின்னவன். வாரிசுச் சண்டை மறுபடியும் அங்கிருந்தே முளைக்கலாம்.

ஆட்சியின் உச்சத்தை எங்கே வைப்பது என்றால், சிப்பாய்க் கலகம் வெடித்த 1857. அப்போது உங்கள் அரசனுக்கு முப்பத்தைந்துக்கு மேல் வயது. நிஜத்தில் பஞ்சாபிலிருந்து போன படைகளும் பாட்டியாலா முதலிய அரசுகளின் உதவியும் இல்லாமல் ஆங்கிலேயர் டெல்லியை மீட்டிருப்பது மிகக் கடினம். உங்கள் கதையில் பஞ்சாப் அவர்கள் கையில் இல்லை. டெல்லியிலிருந்து முகலாய மன்னர் பகதூர் ஷாவின் ஓலை வருகிறது. ஃபிரோஸ்பூரிலிருந்து ஆங்கிலேயத் தூதர் வருகிறார். முகலாயர் கையால் குரு அர்ஜன் 1606-இலும், குரு தேக் பகதூர் 1675-இலும், பந்தா சிங் பகதூர் 1716-இலும் உயிரிழந்ததை நிஹாங்குகள் மறக்கவில்லை. தர்பாரின் முஸ்லிம் அதிகாரிகளோ டெல்லியின் பக்கம் மனம் சாய்ந்தவர்கள். பாட்டியாலாவில் இருப்பது சொந்த ரத்தம், அது ஏற்கெனவே கம்பெனியோடு நிற்கிறது.

என்னைக் கேட்டால் அவன் டெல்லிக்குப் படை அனுப்பமாட்டான். ஆங்கிலேயருக்கும் ஒரு ரெஜிமெண்ட் தரமாட்டான். சட்லெஜ் படித்துறைகளை மூடச் சொல்லிவிட்டு, இரு தரப்புக்கும் கோதுமையை நல்ல விலைக்கு விற்பான். அந்தப் பணத்தில் சிப்பாய்களின் பழைய பாக்கியைத் தீர்ப்பான். நிஹாங்குகள் அகால் தக்த்திலிருந்து ஆள் அனுப்பி அவனைக் கூப்பிடுவார்கள். தாத்தாவைப் போல அவனும் போய் நிற்க வேண்டியிருக்கும்.